மில் கிழங்கைத் திரும்ப வாங்கிய நாள்

போன மாதம் உளுந்தூர்பேட்டைப் பக்கம் வேலை பார்க்கும் ஓர் இளம் பெண் அதிகாரி, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர், எனக்கு வாட்ஸப்பில் ஓர் அறிவிப்பின் வரைவை அனுப்பியிருந்தார். "சார், கொஞ்சம் பார்த்துத் திருத்திக் கொடுங்க" என்று கீழே ஒரு வரி. நெடுஞ்சாலையில் பஸ்கள் நிற்கும் சாப்பாட்டுக் கடை ஒன்றில் முந்திரி கேக் என்று விற்றிருக்கிறார்கள். அதில் முந்திரியைவிட மல்லாட்டை மாவுதான் அதிகம். மல்லாட்டை என்றால் நிலக்கடலை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கடலை ஒத்துக்கொள்ளாத ஒரு சிறுமி அதைத் தின்று, முகம் வீங்கி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குப் போய் நல்லவேளையாகப் பிழைத்துவிட்டாள். வாங்கிப் போன மற்றவர்களை எச்சரிக்க வேண்டும், விற்ற கேக்கைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கான அறிவிப்பு அது.

படித்தேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள், யார் சொன்னார்களோ தெரியவில்லை. முதலில் சட்டம், பிறகு பிரிவு, பிறகு உட்பிரிவு, பிறகு அலுவலரின் பதவி. இத்தனைக்கும் பின்னால்தான் மல்லாட்டை தலையைக் காட்டியது. அதையாவது ஒரு பேனாக் கோட்டில் சரிசெய்துவிடலாம். கடைசியில் ஒரு வரி இருந்தது: 'பெற்றோரின் கவனக்குறைவால் சிறுமி ஒருவர் பாதிக்கப்பட்டுள்ளார்.' அதைப் பார்த்ததும் எனக்குப் பல வருடங்களுக்கு முன் பார்த்த அஞ்சலை என்ற தாயின் முகம் ஞாபகம் வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீளமாகிவிட்டது. அவருக்கென்று ஆரம்பித்தாலும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் படிக்கலாம்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் உணவு ஆய்வாளர். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். அந்த வாரம் மறியல் உச்சத்தில் இருந்தது. சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலையும் இல்லை. நான் ஆபீஸில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். டெலிபோன் கம்பி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதில் கூப்பிட்டார்.

"பிள்ளைங்க வாந்தியெடுத்துக்கிட்டு வருது. தலைசுத்தல், மயக்கம். என்ன தின்னாங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க உடனே கிளம்பி வாங்க."

"ஜீப் போகாதும்மா. வழியெல்லாம் மரம்."

"உங்களுக்குக் காலில்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சைக்கிளை எடுத்தேன். கொஞ்ச தூரம் நான் அதன்மேல், கொஞ்ச தூரம் அது என் தோள்மேல். ஒவ்வொரு மரத்தருகிலும் நாலு பேர் நிறுத்தி, யார், எங்கே, எதற்கு என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு என்றதும் வழி விட்டார்கள். ஒரு இடத்தில் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்து மோரும் கொடுத்தார்கள். ஏனோ அந்த மோர் இன்னும் நினைவில் இருக்கிறது.

கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு திருப்பத்தில் மறியல் பந்தல். அங்கே லாரி ஒன்று நின்றது. கல்வராயன் மலையடிவாரத்தில் ஏற்றிய மரவள்ளிக் கிழங்கு. மாவாக்கி ஜவ்வரிசி செய்யும் மில்லுக்குப் போகிற வழியில் மரம் விழுந்து மாட்டிக்கொண்டது. லாரியில் பாதிகூடக் கிழங்கு இல்லை. லாரிச் சக்கரத்தோடு சேர்த்து ஓர் ஆளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். சட்டை கிழிந்து, உதடு வீங்கியிருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் நின்றார்கள். அந்தப் பக்கம், வாய்க்காலைத் தாண்டி, காலனிக்காரர்கள் நின்றார்கள். இரண்டு பக்கமும் கையில் கழி.

நான் அங்கே நிற்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே காலனிப் பிள்ளைகளும் இருந்தார்கள், ஊர்ப் பிள்ளையும் இருந்தது. தாழ்வாரம் பூராவும் புளித்த வாந்தி நாற்றம். இருக்கிறதிலேயே மோசமாகக் கிடந்தது அஞ்சலை என்கிற கரும்பு வெட்டும் பெண்ணின் மகள். அஞ்சலையின் புருசன் பக்கத்தில் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா குடுத்தீங்கம்மா பிள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"கெழங்குதான் சார். சும்மா வேவ வச்சிக் குடுத்தேன்."

"கசந்துதா?"

"இல்ல சார்."

கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு சொன்னாள். எல்லாத் தாய்மாரும் அதையேதான் சொன்னார்கள். சும்மா வேகவைத்தோம், கசக்கவில்லை. எனக்கு இது பிடிபடவில்லை. மலையடிவாரத்தில் மில்லுக்கென்றே ஒரு மரவள்ளி போடுவார்கள். மாவு ஜாஸ்தி, கசப்பும் ஜாஸ்தி. பயிர் செய்கிறவர்கள் வாயில் வைக்க மாட்டார்கள். அந்த வருடம் மழையும் கம்மி, வறட்சியில் கசப்பு இன்னும் கூடும். அந்தக் கசப்பிலேதான் கெடுதல் இருக்கிறது. ஆனால் அவ்வளவு கசப்பைப் பிள்ளை எப்படித் தின்னும்? துப்பிவிடாதா? கசக்கவில்லை என்றால் வேறு ஏதாவது கலந்திருக்க வேண்டும். அப்படிக் கலந்தது என்ன, கலந்தது யார் என்று நானே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வெளியே கழியோடு நின்றவர்களும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அஞ்சலையின் புருசனைப் பார்த்தார். "நீ வெளிய போ. இங்க உனக்கு வேலை இல்லை." அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். கதவைச் சாத்திவிட்டு அஞ்சலையின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. என் பிள்ளைன்னு நெனச்சுக் கேக்கறேன். எப்படி ஆக்கினே?"

அஞ்சலை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத்தான் சொன்னாள்.

"கசந்துச்சிம்மா. நாக்குல வைக்க முடியல. புள்ள பசின்னு அழுதுக்கினே கெடந்துது. வூட்ல வெல்லம் இருந்துது, தட்டிப் போட்டு மசிச்சி ஊட்னேன். நல்லாத்தான் துன்னுது. நான்தாம்மா குடுத்தேன், என் கையால நான்தான் குடுத்தேன்."

கரும்பு விளைகிற ஊர். அரிசி இல்லாத வீட்டிலும் ஒரு கட்டி வெல்லம் இருக்கும். எது கசந்தாலும், புளித்தாலும், பிள்ளை சாப்பிட அடம்பிடித்தாலும் அங்கே ஒரே மருந்துதான், வெல்லம். கசப்பு என்பது அந்தக் கிழங்கு தானே கொடுக்கிற எச்சரிக்கை. அதை வெல்லம் மூடிவிட்டது. வெல்லம் இல்லாத ஊராக இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் துப்பியிருப்பார்கள். எனக்கு ஒரு பக்கம் விஷயம் தெரிந்த நிம்மதி. இன்னொரு பக்கம் பயம். இரண்டு தெருவிலும் எத்தனை வீட்டில் இன்னும் கிழங்கு இருக்கிறது? பொழுது சாய்ந்தால் எல்லா வீட்டிலும் அடுப்புப் பற்றவைப்பார்கள்.

என் பையில் மாதிரி எடுக்கும் பாட்டில், அரக்கு, நூல் எல்லாம் இருந்தன. சட்டப்படி மாதிரி எடுத்து, சீல் வைத்து, சென்னைக்கு அனுப்பி, முடிவு வரக் காத்திருக்க வேண்டும். அன்றைக்குச் சென்னைக்கு ரோடே கிடையாது. நல்லதாய்ப் போயிற்று என்று பையை மூடிவிட்டேன்.

"மைக் வச்சிருக்காங்களே பந்தல்ல, அதுல சொல்லிடறேன். கிழங்குல விஷம் இருக்கு, யாரும் தின்னாதீங்கன்னு" என்றேன்.

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "விஷம்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்?"

"என்ன வரும்?"

"யார் வச்சதுன்னு வரும். அந்த லாரிக்காரனை அடிச்சே கொன்னுடுவாங்க. அப்புறம் ஊருக்கும் காலனிக்கும் வெட்டுக்குத்து. எனக்கு வாந்தி கேஸே போதும் சார்."

விஷம் என்ற வார்த்தையை அன்றோடு என் அறிவிப்புகளிலிருந்து எடுத்துவிட்டேன். எந்தப் பொருள், எப்படி அடையாளம் தெரியும், என்ன செய்ய வேண்டும். இதைச் சொல்ல அந்த வார்த்தை தேவையே இல்லை. வேண்டுமானால் உங்கள் பழைய அறிவிப்புகளை எடுத்து அந்த வார்த்தையை அடித்துப் படித்துப் பாருங்கள்.

பந்தலுக்கு வந்தேன். பந்தலை நடத்தியவர் வெல்ல ஆலை வைத்திருந்த விவசாயி. எல்லோரும் ஆலைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கறுத்த, தடித்த ஆள். மைக் கேட்டேன்.

"எதுக்கு? மறியல கலைச்சிட்டு வூட்டுக்குப் போங்கன்னு சொல்றதுக்கா? எங்க புள்ளைங்க படிச்சிட்டு வேல இல்லாம குந்திக்கினு இருக்குது. அது பேசத்தான் இந்த மைக்கு."

"மறியலப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. கிழங்கப் பத்தித்தான்."

"கெழங்கப் பத்தி இந்தாளக் கேளு." சக்கரத்தில் கட்டியிருந்தவனைக் காட்டினார். "போராட்டத்தக் கெடுக்க எவனோ அனுப்பிச்சி வச்சிருக்கான். மருந்து அடிச்ச கெழங்க ஓசியில குடுக்கறான்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கதை வேறு. மறியலுக்கு நாங்கள் வரவில்லை என்ற கோபத்தில் பந்தல்காரர்கள்தான் லாரிக்காரன் மூலமாக இந்தக் கிழங்கைக் கொடுக்க வைத்தார்கள் என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கதைக்கும் ஒரே ஆள்தான் வில்லன். அவனுக்கோ இரண்டு கதையும் தெரியாது.

பேசிப் பிரயோசனமில்லை என்று தோன்றியது. லாரியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, தோலைச் சீவி, சின்னத் துண்டு நறுக்கி ஆலைக்காரரிடம் நீட்டினேன். "முழுங்க வேணாம். நாக்குல தொட்டுட்டுத் துப்புங்க."

தொட்டார். மூஞ்சி கோணிப்போயிற்று. "தூ! இன்னாய்யா இது, வேப்பங்காய்!"

"இது மில்லுக்குப் போற ஜாதிக் கிழங்கு. வெளையறதே இப்படித்தான். யாரும் எதையும் கலக்கல. இதுல வெல்லம் போட்டா என்ன ஆவும்?"

"இனிக்கும்."

"கசப்பு எங்க போவும்?"

வெல்லம் காய்ச்சிப் பிழைக்கிற மனுசன். "எங்கயும் போவாது. உள்ளதான் இருக்கும்" என்றார். பிறகு திடுக்கிட்டுப் பக்கத்தில் நின்றவனிடம், "டேய், வூட்டுக்கு ஓடு. அம்மா அடுப்புல வச்சிருந்தா எறக்கச் சொல்லு. ஓடுறா!" என்று கத்தினார். அவர் வீட்டிலும் ஒரு கூடை வாங்கியிருந்தார்கள்.

மைக்கை என் கையில் கொடுத்தார். வாங்கினேன். அப்புறம் நான் நினைத்துப் பார்த்தேன். நான் யார் இவர்களுக்கு? அரசாங்கத்து ஆள். அரசாங்கத்தை எதிர்த்துத்தான் பந்தலே போட்டிருக்கிறார்கள். நான் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ஆலைக்காரர் சொன்னால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நம்ப மாட்டார்கள். இரண்டு பக்கமும் இந்தக் கிழங்கை யார் கையிலிருந்து வாங்கினார்கள்?

"அவிழ்த்து விடுங்க அவரை" என்றேன்.

"இன்னா சார் வெளையாடறீங்களா?"

"அவர் குடுத்ததை அவரே திருப்பிக் கேக்கட்டும். பத்து நிமிஷம். நான் பக்கத்துலயே நிக்கறேன். ஓடினா என்னைக் கட்டிப் போடுங்க."

அவிழ்த்தார்கள். ஏழுமலை என்று பேர். கரும்பு லாரி ஓட்டுகிறவன், அந்த நடைக்கு மட்டும் வேறொருவனுக்குப் பதிலாகக் கிழங்கு லாரியில் ஏறியிருந்தான். கிழங்கைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் என்றதும் அப்படியே குந்திவிட்டான். அடி வாங்கியபோதுகூட எதற்கு அடிக்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எழுப்பி மைக் முன்னால் நிறுத்தினேன்.

"நான்தான் லாரிக்காரன் பேசறேன். கெழங்கு நான்தான் குடுத்தேன். யாரும் குடுக்கச் சொல்லல. வெயில்ல கெடந்து அழுவிப் போவுது, இங்க சனங்க பட்டினி கெடக்குது, பாத்துக்கினு இருக்க முடியல, குடுத்துட்டேன். இது மில்லுக்குப் போற கெழங்காம். மனுசன் துன்னக் கூடாதாம். எனக்கு இப்பதான் தெரியும். யாரும் துன்னாதீங்க. மாட்டுக்கும் போடாதீங்க. அடுப்புல இருந்தா அப்டியே எடுத்துக் கொட்டுங்க. பச்சக் கெழங்க எல்லாம் கொண்டாந்து லாரியிலயே போட்டுடுங்க. குடுத்தவன் நான்தான் திருப்பிக் கேக்கறேன்."

இவ்வளவுதான் நான் சொல்லிக் கொடுத்தது. மைக்கை வாங்கக் கை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான்.

"இன்னொண்ணு. கசக்குதுன்னு வெல்லம் போட்டு ஆக்கனீங்களாம். அதுல உங்க தப்பு ஒண்ணும் கெடையாது. எங்க வூட்லயும் அதத்தான் பண்ணியிருப்பாங்க. பசிக்கற புள்ளைக்கு வேற இன்னா பண்றது? யாரும் யாரையும் வைய வேணாம். புள்ள சாப்ட்டிருந்தா சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. அவ்ளோதான்."

குழாய் ஒலிபெருக்கி. வயல் தாண்டி, வாய்க்கால் தாண்டி, ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. உதடு வீங்கி, இரத்தம் காயாத ஒரு ஆள், தன்னை அடித்த கூட்டத்தின் நடுவில் நின்று, முன்பின் தெரியாத பெண்களுக்காகப் பேசினான். நான் எத்தனையோ கூட்டத்தில், எத்தனையோ அதிகாரி பேசிக் கேட்டிருக்கிறேன். அதுபோல ஒரு பேச்சைப் பிறகு நான் கேட்கவே இல்லை.

கழிகள் இறங்கின. ஆனால் கிழங்கு வரவில்லை. ஒரு அம்மாள் வாய்க்கால் கரையிலிருந்து கேட்டாள்: "இத்தயும் குடுத்துட்டு ராவுக்கு இன்னாத்த துன்றது சார்?"

பசித்தவர்களிடம் போய்க் கையிலிருப்பதைக் கொட்டு என்று சொல்வது சுலபம், அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பாய் என்று கேட்டால்தான் கஷ்டம். நான் ஆலைக்காரரைப் பார்த்தேன். பந்தலுக்குப் பின்னால் போராட்டச் சாப்பாட்டுக்கு வசூலித்த அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் ஆட்களில் ஒருவன் என் பார்வையைக் கவனித்துவிட்டு, "அது நம்ம போராட்டத்து அரிசி, தெரியுமில்ல?" என்றான்.

"தெரியும்டா. வசூல் பண்ணவனே நான்தான்" என்றார் ஆலைக்காரர். "மூட்டையப் பிரி. எவ்ளோ கெழங்கு கொண்டாராங்களோ அவ்ளோ அரிசி அள. அந்தப் பக்கத்து ஆளு வந்தாலும் அதே படிதான். கொறைச்சின்னா மவனே இருக்குது உனக்கு."

முதலில் வந்தது அஞ்சலை. ஆஸ்பத்திரியில் மகள் பக்கத்தில் இருந்தவள், ஒலிபெருக்கி கேட்டு எழுந்து, வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த கிழங்கை முந்தானையில் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி வந்தாள். அரிசி அளக்கிற பக்கம் அவள் போகவே இல்லை. நேராக ஏழுமலையிடம் போய் முந்தானையை அவிழ்த்தாள்.

"இந்தாண்ணா" என்றாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி லாரியில் போட்டான்.

அவளுக்குப் பின்னால் கூடை கூடையாக வந்தது. கிழங்கைவிட முக்கியமானது ஒன்றும் வந்தது. "நாங்களும் வெல்லம் போட்டுத்தான் சார் குடுத்தோம்" என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள், ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும். காலையிலிருந்து வீட்டிலே மறைத்து வைத்திருந்த பிள்ளைகள். திட்டுவார்களே, அடிப்பார்களே என்று வாயைத் திறக்காமல் இருந்தவர்கள். அதில் ஒரு பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். அஞ்சலையின் மகள் மறுநாள் எழுந்து உட்கார்ந்து பால் கேட்டாள். மறியல் முடிந்து மரங்களை அகற்றியதும் ஏழுமலை லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம் அவனை நான் பார்க்கவில்லை.

இப்போது உங்களுக்கு வசதி ஜாஸ்தி. பொட்டலத்தில் எண் இருக்கிறது, கடைக்காரரின் போன் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் ஊர் பூராவும் செய்தி போகிறது. சந்தோஷம்தான். ஆனாலும் யார் வீட்டில் மிச்சம் இருக்கிறது, யார் பிள்ளைக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பது உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கொடுத்தவருக்குத்தான் தெரியும். அவர் பயப்படாமல் வந்து சொன்னால்தான் உங்களுக்கும் தெரியும்.

ஆகவே, வரைவை அனுப்பிய அம்மா, நீங்கள் கேட்ட திருத்தம் இதுதான். மல்லாட்டையை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கடை, எந்த கேக், பார்த்தால் எப்படித் தெரியும், தின்றுவிட்டால் எங்கே போக வேண்டும் என்பதை அதற்குக் கீழே எழுதுங்கள். சட்டப் பிரிவையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கும் ஓடிவிடாது. அறிவிப்பு கடைக்காரர் பெயரிலேயே வரட்டும். விற்றவர் அவர்தான், அவரே திருப்பிக் கேட்கட்டும்.

பெற்றோரின் கவனக்குறைவு என்ற அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அதே கேக்கை வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டிய இன்னொரு தாய் இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.